மூன்றாம் அறைக் கதவு

கில்டர்வன்,
மேயோ மாவட்டம்.
செவ்வாய்க்கிழமை தொடங்கியது.

அன்பும் மரியாதையும் மிக்க டெலியா அக்காவுக்கு உன் தம்பி ஃபெஸ்டி தன் சொந்தக் கையால் எழுதிக்கொள்வது.

முதலில் இந்தக் கையெழுத்துக்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். வரிகள் இடப்பக்கம் ஒழுங்காகத்தான் கிளம்புகின்றன, வலப்பக்கம் போகப் போக மலையேறிவிடுகின்றன. பென்சிலை அழுத்திப் பிடிப்பதால் தாள் இரண்டு இடங்களில் கிழிந்திருக்கிறது. அந்த ஓட்டைகளில் எழுத்து எதுவும் விழுந்துவிடவில்லை, பயப்படாதே, ஓட்டையைச் சுற்றிக்கொண்டு எழுதியிருக்கிறேன். சில எழுத்துகள் பெரிதாகவும் சில சின்னதாகவும் இருக்கும். பெரிதாக இருப்பவை எனக்கு நன்றாகத் தெரிந்த எழுத்துகள்.

நான் நலம். நீயும் அத்தானும் நலமாக இருக்கவேண்டும் என்று கடவுளையும் பாஸ்டன் நகரத்துப் பனிக்காலத்தையும் சேர்த்தே கேட்டுக்கொள்கிறேன். இந்த ஒரு வரியை எழுதி முடிப்பதற்குள் ஒரு கோப்பைத் தேநீர் ஆறிவிட்டது. அது ஆறியதைப் பற்றி எழுதியதில் இரண்டாவது கோப்பையும் ஆறிவிட்டது. ஆனாலும் அக்கா, எழுபத்திரண்டு வயதில் ஆறின தேநீர் இவ்வளவு ருசியாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

இன்னொரு மன்னிப்பும் பாக்கி இருக்கிறது. என் வீட்டுக்காரி நோரீன் இருந்தவரை உன் கடிதங்களை அவள்தான் எனக்கு வாசித்துக் காட்டினாள், பதிலும் அவள்தான் எழுதினாள். அவள் போன பிறகு ஆறு வருடமாக நீ எழுதியதையெல்லாம் பிரிக்காமல், அவள் சேர்த்து வைத்த பழைய கடிதங்களோடு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தேன். வேறு யாரிடமாவது கொடுத்து வாசிக்கச் சொன்னால் என் குட்டு உடைந்துவிடும். இப்போது அந்த டப்பாவைக் கவிழ்த்து, பழையதிலிருந்து வரிசையாக நானே வாசிக்கிறேன். நேற்று இரவு வரை 1964-க்கு வந்திருக்கிறேன். நீ பச்சைக் கோட்டு வாங்கியிருக்கிறாய், வாழ்த்துகள். ஃப்ராங்க் என்று ஒரு பையன் உன்னை நடனத்துக்குக் கூப்பிட்டதாக எழுதியிருக்கிறாய். அவன் போக்கு எனக்குச் சரியாகப் படவில்லை, பார்த்து நடந்துகொள். (இந்த வரியை அத்தானிடம் காட்டாதே. 1966 வந்ததும் என் கருத்தை மாற்றிக்கொள்ளலாம் என்றிருக்கிறேன்.)

இனி விஷயத்துக்கு வருகிறேன். நான் இருபத்தொன்பது வருடம் நம் ஊர் அருங்காட்சியகத்தின் மூன்றாம் அறையில் காவலாளியாக இருந்தது உனக்குத் தெரியும். எழுத்துத் தெரியாதவனை அங்கே எப்படி வைத்தார்கள் என்றால், அவர்கள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை, அவ்வளவுதான். வாசிக்கவேண்டிய எதையாவது யாராவது நீட்டினால் சட்டைப்பையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அடடா, கண்ணாடிய வீட்டுல வச்சிட்டேனே" என்பேன். இருபத்தொன்பது வருடம் தினமும் கண்ணாடியை மறந்த மனிதனுக்கு, ஓய்வு பெற்ற நாளில் எல்லாரும் சேர்ந்து என்ன பரிசு கொடுத்தார்கள் தெரியுமா? கண்ணாடியைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் வெள்ளிச் சங்கிலி.

அந்த அறையில் பதினேழு பொருள்கள். வெண்ணெய் கடையும் பீப்பாய், தொட்டில், பன்றித்தொட்டி, இப்படி. கிழக்குச் சுவரில் ஒரு பெரிய கதவு. அதில் ஆள் நெஞ்சு உயரத்தில் வட்டமாக ஓர் ஓட்டை. மேற்குச் சுவரில் ஒரு சின்னக் கதவு, அதன் அடியிலும் ஓர் ஓட்டை. சின்னக் கதவை நான் சட்டை செய்ததில்லை. ஆனால் வெளியூர்க்காரர்கள், குறிப்பாக உங்கள் அமெரிக்காக்காரர்கள், அதன் முன்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். சில நாள் அதன் கீழே பூ கிடக்கும். யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பூ என்று எடுத்துக் குப்பையில் போடுவேன். எனக்கு முக்கியம் பெரிய கதவுதான். முதல் நாள் பார்த்தபோதே தெரிந்துகொண்டேன், அது நம் ஹனோரா அத்தையின் கதவு என்று. யாரும் எனக்குச் சொல்லவில்லை. அம்மா சொன்ன கதையில் இடிமரம் கதவில் ஓட்டை போட்டது. இந்தக் கதவில் ஓட்டை இருந்தது. வேறென்ன சாட்சி வேண்டும்?

அம்மா அந்தக் கதையைச் சொல்லும்போது நீயும் அடுப்படியில் உட்கார்ந்திருந்தாய். வாடகை கொடுக்கவில்லை என்று பண்ணையாரின் ஆட்கள் நீதிமன்ற அமீனாவையும் வீட்டை உடைக்கும் இடிமரத்தையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். வீட்டில் கொள்ளுத்தாத்தா இல்லை, அவருடைய ஏழு பிள்ளைகளும் அவர் தங்கை ஹனோராவும்தான். அவளுக்கு இருபத்து மூன்று வயது. அடுப்பில் சோடா ரொட்டி பாதி வெந்திருந்தது. வீட்டைவிட்டு வெளியே தள்ளினால் அடுப்பையும் அணைத்துவிடுவார்கள், பிள்ளைகள் வெறும் வயிற்றோடு தெருவில் நிற்கும். அதனால் அத்தை கதவில் தோளைக் கொடுத்து நின்றாள். இடிமரம் ஒரு முறை இடித்தது, இரண்டாம் முறை இடித்தது, மூன்றாம் முறை அவள் தோளுக்குப் பக்கத்தில் மரத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளே வந்தது. அவள் அதைப் பார்த்துச் சொன்னாளாம், "கொஞ்சம் பொறுங்க, இன்னும் அடிப்பக்கம் வேகல." ரொட்டி வெந்ததும் அதைத் துணியில் சுற்றிப் பெரியவன் கையில் கொடுத்து, தானே தாழ்ப்பாளைத் திறந்து, "இப்ப வாங்க" என்றாளாம். இதைத்தான் நான் மூன்றாம் அறையில் வருடத்துக்கு ஆயிரம் பேருக்குச் சொன்னேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரும்போது கதவின் முன்னால் நின்று தோளைக் கொடுத்தே நடித்துக் காட்டுவேன். என் முதுகு அகலம் உனக்குத் தெரியும். பின்னால் சுவரில் இருந்த விளக்க அட்டை எந்தப் பிள்ளை கண்ணிலும் பட்டிருக்காது.

அந்தப் பிள்ளைகள் வளர்ந்தார்கள். அவர்களில் ஒருத்தி கசாப்புக்கடை முர்ட்டி லாவெலின் மகள். அவள் ஏழு வயதில் வரைந்த படம், கதவு, தோள், ரொட்டி எல்லாமாக, முர்ட்டியின் கடையில் தொத்திறைச்சிக்கு மேலே இருபத்தைந்து வருடம் தொங்கியது. போன வருடம் முர்ட்டிக்கு ஒரு யோசனை வந்தது, நம் ஊர்ச் சதுக்கத்தில் ஹனோராவுக்குச் சிலை வைக்கவேண்டும் என்று. ஒரு குழு அமைத்தார்கள், கேக் விற்றார்கள், ஆட்டுக்குட்டியைச் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள், நாட்டின் நினைவுச் சின்னங்கள் பட்டியலில் சேர்க்கச் சொல்லி டப்ளினுக்கு எழுதினார்கள், அமைச்சரே திறந்து வைக்க வருவதாகப் பதில் வந்தது. சிற்பி வந்து கதவை அங்குலம் அங்குலமாக அளந்தார். பக்கத்தில் இருந்த எழுத்தை அவரும் அளக்கவில்லை. திறப்பு விழாவில் தகட்டில் இருப்பதை வாசிக்க அவள் வம்சத்தில் ஊரில் மிச்சமிருக்கும் நான்தான் வரவேண்டும் என்று குழு முடிவு செய்தது. எல்லாரும் கைதட்டிக்கொண்டிருந்தபோது நானும் சரி என்று சொல்லித் தொலைத்துவிட்டேன்.

முதலில் நான் கவலைப்படவில்லை. தகட்டில் போடும் வாசகத்தை யாராவது சொல்லக் கேட்டு மனப்பாடம் செய்துகொள்ளலாம் என்று இருந்தேன். ஆனால் வாசகம் இருந்தால்தானே? ஐரிஷ் மேலேயா ஆங்கிலம் மேலேயா, எந்த எழுத்து எத்தனை விரற்கடை என்று குழு ஏழு மாதம் சண்டை போட்டது. குழுவில் இருந்த ஓர் அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். எழுதாத ஒன்றை எப்படி மனப்பாடம் செய்வது? அவர்கள் ஒத்துப்போயிருந்தால் உன் தம்பி இன்றும் எழுத்தறியாதவன்தான். வேறு வழியில்லாமல் நூலகத்தில் நடக்கும் பெரியவர்கள் வகுப்பில், கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, பின்வாசல் வழியாகப் போய்ச் சேர்ந்தேன்.

அங்கே ஆறு பேர் இருந்தோம். சொல்லிக்கொடுப்பவள் அட்ராக்டா, முன்பு தபால் நிலையத்தில் இருந்தாளே, அவள். முதல் நாள் ஒரு தாளை நீட்டினாள். ஆறு பேரும் ஒரே நேரத்தில் சட்டைப்பையைத் தட்டினோம். அட்ராக்டா மேசைக்கு அடியிலிருந்து ஒரு செருப்புப் பெட்டியை எடுத்து, அதிலிருந்த பழைய கண்ணாடிகளை மேசைமேல் கொட்டினாள்.

"முப்பது வருஷமா தபாலாபீஸ்ல உங்க எல்லாரையும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். எடுத்து மாட்டிக்கோங்க. இனிமே இந்த ஊர்ல அந்தச் சாக்கு செல்லாது."

குளிர்காலம் முழுக்கப் படித்தேன், வசந்தம் முழுக்கப் படித்தேன். "கண்ணுல படறத எல்லாம் படிங்க" என்றாள் அட்ராக்டா. ஜாம் புட்டி படித்தேன். உரமூட்டை படித்தேன். சலவை இயந்திரத்தின் மேல் இருந்ததைப் படித்து, பதினெட்டு வருடமாக என் கம்பளிச் சட்டைகள் ஏன் சுருங்கின என்று தெரிந்துகொண்டேன். போன புதன்கிழமை, விழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது, ஒரு ஆசை வந்தது. மூன்றாம் அறைக்குப் போய், நான் அத்தனை வருடம் முதுகு காட்டி நின்ற அட்டையை, நம் அத்தையைப் பற்றி எழுதியிருப்பதை, நானே வாசிக்கவேண்டும் என்று. புதுச் சட்டை போட்டுக்கொண்டு, வெள்ளிச் சங்கிலியில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனேன்.

வாசித்து முடிக்க நாற்பது நிமிடம் ஆனது. இரண்டு முறை தப்பாக வாசிக்கிறேன் என்று நினைத்து மறுபடி தொடங்கினேன். அதில் இப்படி இருந்தது: "கோழிக்கூண்டின் கதவு. பாதிரியார் இல்லத்துத் தோட்டத்திலிருந்து. கோழிகள் வந்துபோக வட்டத் துளை உண்டு." அதற்குக் கீழே நன்கொடை கொடுத்த பாதிரியார், அவர் மனைவி, மூன்று மகள்கள், ஒரு மருமகன் பெயர்கள் எல்லாம்.

அக்கா, நெஞ்சு உயரத்தில் இருக்கும் ஓட்டைக்குக் கோழி எப்படிப் போகும் என்று ஒரு நொடி யோசித்தேன். ஆனால் அச்சில் இருக்கிறது, கண்ணாடிக்கு உள்ளே இருக்கிறது, நான் யார் அதைக் கேள்வி கேட்க? அந்தக் காலத்துக் கோழி நன்றாகப் பறந்திருக்கும். அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. நான் கதை சொல்லும்போது சில பேர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து அட்டையை வாசித்துவிட்டு, என்னைப் பார்த்து ஒரு மாதிரி புன்னகைப்பார்கள். கதையில் நெகிழ்ந்துபோனார்கள் என்று நினைத்திருந்தேன். சிற்பி அளந்தது கோழிக்கூண்டை. பத்தடி உயர வெண்கலத்தில் நம் அத்தை தோள் கொடுத்து நிற்பது கோழிக்கூண்டுக்கு. அதை ஞாயிற்றுக்கிழமை ஓர் அமைச்சர் வந்து நாட்டுக்கே சொல்லப்போகிறார். அடுத்த சாமானைப் பார்ப்பதற்குள் மணி அடித்துவிட்டார்கள், கதவைச் சாத்தும் நேரம்.

மறுநாள் காலை முர்ட்டியிடம் போனேன். அவன் அப்போது பார்த்து ஒரு கோழியைத்தான் வெட்டிக்கொண்டிருந்தான். அதுவே எனக்குக் கெட்ட சகுனமாகப் பட்டது. விஷயத்தைச் சொன்னேன். எப்படித் தெரியும் என்றான். படித்தேன் என்றேன்.

"நீ எப்படா படிச்ச?"

"இந்தக் குளிர்காலத்துல."

கத்தியைக் கீழே வைத்தான்.  "அப்ப இத்தன வருஷம்...?" என்று தொடங்கிவிட்டு, அவனே நிறுத்திக்கொண்டான். நல்லவன்தான். ஆனால் உடனே குழுத் தலைவன் ஆகிவிட்டான்.

"இங்க பாரு ஃபெஸ்டி. வெண்கலம் வார்த்தாச்சு. வார்த்தத உருக்கி மறுபடி ஆட்டுக்குட்டி ஆக்க முடியாது. அமைச்சர் வராரு, பேண்டு வாத்தியம் வருது, என் பொண்ணு கனடாவுலருந்து வரா. நீ வாய மூடிக்கிட்டு, குடுத்தத படிச்சிட்டு, எறங்கி வந்துடு. கோழின்னு ஒரு வார்த்த உன் வாயிலருந்து வந்துச்சு, சாகற வரைக்கும் உனக்கு என் கடையில எலும்புகூடக் கெடையாது."

"பொய்யா ஒண்ண வெண்கலத்துல வைக்கலாமாடா?"

"யாரு பொய்யின்னு சொல்லப்போறா? ஊர்ல ஒருத்தனும் அந்த அட்டையப் படிச்சதில்ல. நீ ஒருத்தன்தான் படிச்சிருக்க, அதுவும் நேத்து!"

அவன் சொன்னதில் ஒரு நியாயம் இருந்ததுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. நான் வாயை மூடிக்கொண்டால் சிலை நிற்கும், அத்தை நிற்பாள், நானும் எழுத்தறிந்தவனாகவே மேடையிலிருந்து இறங்கலாம். ஆனால் என்றைக்காவது யாரோ ஒரு வெளியூர்க்காரன் அட்டையை வாசித்துவிட்டுச் சதுக்கத்துக்கு வந்து சிரிப்பான். அவன் கோழியைப் பார்த்துச் சிரித்தால் பரவாயில்லை. அத்தையைப் பார்த்தல்லவா சிரிப்பான்? ரொட்டியும் பொய், தோளும் பொய் என்று ஆகிவிடும். கல்லிலும் வெண்கலத்திலும் ஏறியது ஒரு இடத்தில் பொய்யானால், ஜனங்கள் எல்லா இடத்திலும் பொய் என்றுதான் நினைப்பார்கள். அம்மாவின் வாயிலிருந்து என் கைக்கு வந்த ஒரே சொத்து அந்தக் கதை. அதைக் கோழிக்கூண்டில் வைத்துப் பூட்டிவிட்டுப் போக எனக்கு மனமில்லை.

வெள்ளிக்கிழமை அருங்காட்சியக இயக்குநரைப் பார்க்கப் போனேன். புதிதாக வந்தவள், சொரகா என்று பெயர், டப்ளின்காரி, முப்பத்தைந்து வயது இருக்கும். மேசையில் மூன்று வாளிகள், கூரை ஒழுக்குக்கு. உட்காரச் சொல்லி பிஸ்கட் கொடுத்தாள். நான் பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கதவு, கோழி, சிலை, அதோடு இருபத்தொன்பது வருடம் அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு ஓர் எழுத்துகூட வாசிக்கத் தெரியாமல் உட்கார்ந்திருந்தது உட்பட. ஓய்வூதியத்தைத் திரும்பக் கேட்பாள் என்றுதான் நினைத்தேன்.

அவள் கேட்டது வேறு. "மிஸ்டர் கெவனி, உங்க அம்மா சொன்னப்போ, எந்தக் கதவுன்னு சொன்னாங்களா?"

"இல்லம்மா. கதவுன்னாங்க. அந்த வீட்டுக் கதவு."

"ரொட்டி?"

"ரொட்டிய ஒவ்வொரு தடவையும் சொன்னாங்க. அடிப்பக்கம் வேகலங்கறத விட்டதே இல்ல."

"அப்ப உங்களுக்கு நிச்சயமாத் தெரிஞ்சத மட்டும் தகட்டுல போடுவோம். தெரியாதத அடிச்சிடுங்க. மூணாம் அறைப் பக்கம் நான் இன்னும் எட்டிக்கூடப் பாக்கல, கூரைக்கே நேரம் சரியாப் போகுது. பதிவேடு பைண்டிங்குக்குப் போயிருக்கு, திங்கக்கிழமை வந்ததும் அந்தக் கதவ நானே பாக்கறேன்." ஒரு தாளையும் பென்சிலையும் என் பக்கம் நகர்த்தினாள். "நீங்களே எழுதுங்க."

அக்கா, நான் எழுதினேன். அடித்தேன், மறுபடி எழுதினேன். பண்ணையார் பெயர் எனக்கு நிச்சயமில்லை, அடித்தேன். வருடம் நிச்சயமில்லை, அடித்தேன். கதவின் அளவு போயிற்று, இடிமரத்தின் எடை போயிற்று. கடைசியில் மூன்று வரி நின்றது. சொரகா அதை இரண்டு முறை வாசித்துவிட்டு வாளியைக் கொட்டப் போய்விட்டாள்.

அன்று மாலை அதைக் குழுவிடம் காட்டினேன். முர்ட்டி தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தான். "இவ்ளோதானா? இதுல பண்ணையார் எங்க? நம்ம குழு பேரு எங்க?" என்றான். ஆனால் வாசகம் அவ்வளவு சின்னதாக இருந்ததால் ஐரிஷையும் ஆங்கிலத்தையும் மேலும் கீழுமாக வைக்கத் தேவையில்லை, பக்கத்துப் பக்கத்தில் வைக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். ஏழு மாதச் சண்டை பத்து நிமிடத்தில் தீர்ந்தது. அண்ணனும் தம்பியும் கைகொடுத்துக்கொண்டு அடுத்தது எந்த உலோகம் என்று சண்டை போட ஆரம்பித்தார்கள். எப்படியோ சனிக்கிழமை இரவுக்குள் தகட்டை வெட்டி மாட்டிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மழையும் வெயிலும் மாறி மாறி வந்தன. சதுக்கத்தில் நிற்க இடமில்லை. அமைச்சர் பேசினார், பேண்டு வாசித்தது, துணியை இழுத்தார்கள். அவள் நின்றாள். சிற்பிக்கு நம் வீட்டு மூக்கு எப்படிக் கிடைத்தது என்று தெரியவில்லை, உன் மூக்கேதான். யாரோ ஒரு பெண் முழு சோடா ரொட்டி ஒன்றைக் காலடியில் வைத்தாள். தேசிய கீதம் முடிவதற்குள் ஒரு கடற்காக்கை அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். முர்ட்டி முதல் வரிசையிலிருந்து என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தான்.

நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டேன். ஒவ்வொரு சொல்லாகப் போனேன். முதல் சொல்லுக்கும் இரண்டாம் சொல்லுக்கும் நடுவில் ஒரு மழை வந்து போனது. எனக்குத் துக்கம் தொண்டையை அடைக்கிறது என்று நினைத்து அமைச்சர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு ஒன்றும் அடைக்கவில்லை, அடுத்த எழுத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். நான் எழுதி, நானே வாசித்தது இதுதான்:

"ரொட்டி வேகும் வரை ஹனோரா கெவனி கதவைத் தாங்கி நின்றாள்.
அதைப் பார்த்தவர் எவரும் இன்று இல்லை.
கேட்டவர்கள் இருக்கிறோம்."

இறங்கியிருக்கலாம். ஆனால் ஊரே எதிரில் நிற்கிறது, பாதிப் பேர் சின்ன வயதில் நான் தோள் கொடுத்து நடித்ததைப் பார்த்தவர்கள். அதனால் சொன்னேன். "இன்னொண்ணு சொல்லணும். அருங்காட்சியகத்துல நான் உங்களுக்குக் காட்டுன கதவு அவ கதவுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. அட்டையில கோழிக்கூண்டுக் கதவுன்னு போட்டிருக்கு. எனக்கு அப்ப படிக்கத் தெரியாது. இந்த வருஷம்தான் கத்துக்கிட்டேன்."

 முர்ட்டி தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டான். அப்போது கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு குரல், முர்ட்டியின் மகள்தான், அந்தப் படம் வரைந்தவள், இப்போது அவளுக்கே இரண்டு பிள்ளைகள்.

"ரொட்டி நெஜமா, ஃபெஸ்டி மாமா?"

"ரொட்டி நெஜம்மா."

"அடிப்பக்கம் வேகாதது?"

"அதுவும் நெஜம்."

"அப்ப போதும்" என்றாள். கைதட்டல் அவளிடமிருந்துதான் தொடங்கியது. முர்ட்டியே கடைசியில் தொப்பியை எடுத்துவிட்டுக் கைதட்டினான்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அக்கா, எனக்கு மிகவும் பிடித்தது. தேநீர் கொடுக்கும் இடத்தில் தனியாக நின்றிருந்தேன். பேண்டில் பெரிய முரசு அடிக்கும் மனிதர், ஐம்பத்தைந்து வயதிருக்கும், பக்கத்தில் வந்து நின்றார். வானத்தைப் பார்த்தார். மழை நின்றுவிட்டது என்றார். பிறகு அவர் கை தானாகச் சட்டைப்பையைத் தட்டியது. "ஃபெஸ்டி, நான் கண்ணாடிய வீட்டுல வச்சிட்டு வந்துட்டேன். அந்த வகுப்பு என்னிக்கி நடக்குது?" என்றார். செவ்வாய் மாலை, பின்வாசல் வேண்டாம், முன்வாசல் வழியாகவே வாங்க என்றேன். அவரைச் சேர்த்து அன்றைக்கு நான்கு பேர் கேட்டார்கள். அட்ராக்டா இன்னொரு செருப்புப் பெட்டி தேடிக்கொண்டிருக்கிறாள்.

இதோடு முடிக்கிறேன், பென்சில் கட்டை விரலளவுக்கு வந்துவிட்டது. அத்தானுக்கு என் வணக்கம், அவர் முழங்காலுக்கு என் அனுதாபம். பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் என் ஆசி. உன் வீட்டுக் கூரை ஒழுகாமலும் உன் அடுப்பு அணையாமலும் உன் ரொட்டி அடிப்பக்கமும் வெந்தும் இருக்கட்டும். நம் அத்தைக்குக் கதவு இல்லாமல் போனாலும் இடம் கிடைத்துவிட்டது. கோழிக்கூண்டுக் கதவை நான் மன்னித்துவிட்டேன்.

இப்படிக்கு,
தானே எழுதி, தானே கையெழுத்திட்ட,
உன் தம்பி
ஃபெஸ்டி கெவனி

பின்குறிப்பு (வியாழக்கிழமை): உறையை ஒட்டிவிட்டேன், மறுபடி கிழித்துவிட்டேன். மேலே எழுதியிருக்கும் எதையும் யாரிடமும் சொல்லிவிடாதே. இன்று காலை சொரகா வீட்டுக்கே வந்துவிட்டாள், சிரித்துச் சிரித்து மூச்சு வாங்க. பதிவேடு வந்துவிட்டதாம். பெரிய கதவைச் சுவரிலிருந்து கழற்றிப் பின்னால் பார்த்தாளாம். அங்கே பழைய வண்ணத்தில் ஒரு எண் இருந்ததாம். பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேராக எழுதியிருப்பது: "கெவனி வீட்டுக் கதவு. இடிமரத்தால் துளைக்கப்பட்டது." அது அத்தையின் கதவேதான். கோழிக்கூண்டு, மேற்குச் சுவரில் இருந்த அந்தச் சின்னக் கதவு.

"அட்டை எப்படி மாறிச்சுன்னுதான் புரியல, மிஸ்டர் கெவனி. போப்பாண்டவர் வந்த வருஷம் அந்த அறைக்கு வெள்ளையடிச்சதா போட்டிருக்கு. அப்ப அட்டைங்கள யாரு கழட்டி மாட்டினாங்க?"

நான்தான், அக்கா. தனி ஆளாக, ஒரே மத்தியானத்தில். எது எங்கே இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? பெரிய பொருளுக்குப் பெரிய அட்டை, சின்னப் பொருளுக்குச் சின்ன அட்டை என்று நியாயமாகத்தான் மாட்டினேன். பல் வரிசை மாதிரி அழகாக இருக்கிறது என்று பழைய இயக்குநர் பாராட்டினார். பாதிரியார் தன் குடும்பம் முழுவதையும் எழுதிவைத்ததால் கோழிக்கூண்டின் அட்டை பெரிது. அத்தையின் அட்டை இரண்டே வரி. ஆக வெள்ளையடித்ததிலிருந்து இந்த முப்பத்து மூன்று வருடத்தில், காதால் கேட்டவர்களுக்கெல்லாம் நான் உண்மையைச் சொல்லியிருக்கிறேன், படிக்கத் தெரிந்தவர்களைத்தான் ஏமாற்றியிருக்கிறேன். உங்கள் அமெரிக்காக்காரர்கள் கண்ணீர் விட்டதும் பூ வைத்ததும் பாதிரியாரின் கோழிக்கு. இதில் யாரும் ஒரு வார்த்தை சந்தேகம் கேட்கவில்லை என்பதுதான் சொரகாவுக்கு ஆச்சரியம். பன்றித்தொட்டிக்குத் தொட்டிலின் அட்டையை மாட்டியிருக்கிறேனாம். ஒரு பேராசிரியர் அதைப் பார்த்துவிட்டு, மேயோ மாவட்டத்தில் குழந்தைகளை எப்படி வளர்த்தார்கள் என்று புத்தகத்தில் ஓர் அத்தியாயமே எழுதிவிட்டாராம். அவருக்கு விளக்கம் எழுதும் பொறுப்பை என்னிடமே கொடுத்திருக்கிறாள்.

முர்ட்டி ஓடி வந்தான். தகட்டைக் கழற்றி, கதவு, பண்ணையார், குழு எல்லாவற்றையும் போட்டு மறுபடி வெட்டலாம் என்றான். வேண்டாம் என்றேன். அந்த மூன்று வரியில் பொய் ஒன்றும் இல்லையே, அப்படியே இருக்கட்டும். அட்டைகளை மட்டும் அடுத்த புதன்கிழமை நானே போய் மாற்றி மாட்டப்போகிறேன், இந்த முறை ஒவ்வொன்றையும் வாசித்துவிட்டு. பதினேழு அட்டை, ஒன்றுக்கு நாற்பது நிமிடம். சொரகா இரவுச் சாப்பாடும் கொடுத்து அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள். அந்தச் சின்னக் கதவின் முன்னால் இனிமேல் யாரும் பூ வைக்க மாட்டார்கள் என்பது கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது. முதல் பூவை நானே வைத்துவிட்டு வரலாம் என்றிருக்கிறேன். அது கோழிகளுக்கு என் மன்னிப்பு.

அடுத்த வாரம் கட்டாயம் எழுதுகிறேன். அதற்குள் பேராசிரியருக்கு எழுதி முடித்துவிடுவேன், உன் கடிதங்களில் நீயும் 1966-க்கு வந்துவிடுவாய், ஃப்ராங்கைப் பற்றி என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன்.